வெற்றி என்று பதில் வந்தது, பதிவு யார் கண்ணிலும் படவில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்துக் கோயிலின் முகநூல் பக்கத்தில் அறிவிப்புகளைத் தானாகப் பதிவிடும் நிரல் ஒன்று பழுதுபார்க்க என் கடைக்கு வந்தது. கணினி, அச்சுப்பொறி, சிசிடிவி என்று எதைக் கொடுத்தாலும் திறந்து பார்க்கிற கடை என்பதால் இதுவும் இங்கேயே வந்து சேர்ந்தது. நிரலை எழுதிய மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கோயில் செயலாளர் அண்ணன் சொன்ன புகார் இதுதான்: "சில அறிவிப்பு வருகிறது தம்பி, சில வருவதில்லை. வருவதும் நேரம் கெட்டு வருகிறது. சிலவற்றை எங்கள் கமிட்டிக்காரர்கள் மட்டும் பார்க்கிறோம், மற்றவர்கள் பக்கம் காலியாக இருக்கிறது என்கிறார்கள்."

ஒரு கோயில் பக்கத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அந்தத் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு என்று பிழைப்பைத் தேடிப் போய்விட்டன. கோயில் மட்டும்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம், யார் காலமானார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியூரில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் தெரிகிறது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

அமைப்பு எளிமையானது. கமிட்டிக்காரர்கள் கூகுள் விரிதாளில் ஒரு வரி எழுதுவார்கள். வாடகைச் சர்வரில் இருக்கும், பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் அதைப் படித்து, வெளி நிரல்களுக்காக முகநூல் திறந்து வைத்திருக்கும் கிராஃப் ஏபிஐ என்ற வாசல் வழியாக முகநூல் பக்கத்தில் பதிவிடும். இதற்கு நிரலை முகநூலில் ஓர் 'ஆப்'பாகப் பதிந்து, அதற்கென ஓர் இரகசியக் குறியும், டோக்கன் என்ற அனுமதிச் சாவியும் வாங்க வேண்டும். மறுதிசையில், பதிவின் கீழே மக்கள் எழுதும் கருத்துகளை வெப்ஹூக் மூலம், அதாவது புதிதாக ஏதாவது நடந்ததும் முகநூலே நம் சர்வருக்கு அனுப்பும் செய்தி மூலம், நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய நிரல் ஒன்று வாங்கி, கமிட்டியின் டெலிகிராம் குழுவுக்கு அனுப்பும். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நிரல் தன் வேலையைக் குறித்து வைக்கும் பதிவேட்டுக் கோப்பைத் திறந்தேன். தேதி, நேரம், பக்கத்தில் "தோல்வி" என்ற ஒரு சொல், அவ்வளவுதான். அடுத்த வரியும் "தோல்வி". ஏபிஐ ஒரு வேண்டுகோளை மறுக்கும்போது காரணத்தையும் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் எழுதியே அனுப்புகிறது: பிழைச் செய்தி, பிழை எண், துணை எண், உதவி கேட்கும்போது குறிப்பிட வேண்டிய ஓர் அடையாளக் குறி. இந்த நிரல் அத்தனையையும் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "தோல்வி" என்று மட்டும் எழுதி வைத்திருந்தது. ஆகவே நிரலில் வேறெதையும் தொடாமல், வந்த பதிலை அப்படியே முழுசாகக் கோப்பில் எழுத வைத்தேன். டோக்கன் இருக்கும் பகுதியை மட்டும் மறைத்தேன். பதிவேட்டில் டோக்கனை எழுதி வைப்பது சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவதைப் போன்றது.

பிழைகள் பேசத் தொடங்கின. அதிகம் வந்தது 190. டோக்கன் செல்லாது என்று அதற்குப் பொருள், ஆனால் 190 மட்டும் போதாது. துணை எண்தான் காரணத்தைச் சொல்கிறது. 463 என்றால் காலாவதி. 460 என்றால் டோக்கனுக்கு உரியவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். 458 என்றால் அவர் தம் கணக்கிலிருந்து ஆப்பையே நீக்கிவிட்டார். மூன்றுக்கும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான், மருந்து வேறு.

இங்கே 463, 460 இரண்டுமே இருந்தன. மாணவர் கிராஃப் ஏபிஐ எக்ஸ்புளோரர் என்ற சோதனைப் பக்கத்திலிருந்து டோக்கனை எடுத்து நேராக நிரலில் ஒட்டியிருந்தார். அது குறுகிய ஆயுள் கொண்ட டோக்கன். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சோதிக்கும்போது வேலை செய்யும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் செத்திருக்கும். அதை ஆப்பின் இரகசியக் குறியோடு சேர்த்து அனுப்பி, சுமார் 60 நாள் செல்லும் நீண்ட ஆயுள் டோக்கனாக மாற்ற வேண்டும். அந்த நீண்ட ஆயுள் டோக்கனைக் காட்டிப் பக்கத்துக்கான டோக்கனைக் கேட்டால், காலாவதித் தேதி இல்லாத டோக்கன் கிடைக்கும். வரிசை முக்கியம். குறுகிய டோக்கனைக் காட்டி வாங்கிய பக்க டோக்கனும் அதனுடனேயே போய்விடும்.

காலாவதித் தேதி இல்லை என்பதால் சாகாவரம் என்று நினைத்துவிடக் கூடாது. பக்க டோக்கன் ஒரு மனிதரின் கணக்கிலிருந்து பிறந்தது. அவர் கடவுச்சொல்லை மாற்றினாலும், பக்க நிர்வாகியாக இல்லாமல் போனாலும் டோக்கன் செத்துவிடும். தோட்டத்துக் கோயில்களை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும், பழைய நிர்வாகம் போய்ப் புது நிர்வாகம் வரும், வந்த முதல் வேலையாகப் பழைய செயலாளரைப் பக்கத்திலிருந்து நீக்குவார்கள். அன்றிரவே அறிவிப்பு நின்றுவிடும், ஏன் என்று யாருக்கும் புரியாது. தனிமனிதக் கணக்கோடு டோக்கனைக் கட்டிப்போடாமல் இருக்க வழி உண்டு: மெட்டா வணிகக் கணக்கில் 'சிஸ்டம் யூசர்' என்ற, ஆள் சாராத பயனர் ஒன்றை உருவாக்கி, பக்கத்தை அதன் பொறுப்பில் கொடுத்து, அதன் பெயரில் டோக்கன் எடுப்பது. சங்கம், கோயில், பள்ளி என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களுக்கு அதுவே ஏற்றது. நானும் அப்படித்தான் மாற்றினேன். டோக்கனைக் கையில் எடுத்ததும் முகநூலின் டோக்கன் டீபக்கரில் ஒட்டிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். யாருடையது, எப்போது முடியும், என்னென்ன அனுமதிகள் உண்டு என்று ஒரே திரையில் காட்டிவிடும். பதிவிட 'பேஜஸ் மேனேஜ் போஸ்ட்ஸ்' அனுமதி அதில் இல்லையென்றால் நிரலை எவ்வளவு திருத்தியும் பயனில்லை.

இதுவரை சொன்னவை சத்தம் போடும் பிழைகள். சத்தம் போடுவதைத் திருத்துவது பெரிய வித்தை இல்லை. மற்றவைதான் பாடாய்ப் படுத்தின.

கமிட்டிக்கு மட்டும் தெரிந்த பதிவுகளை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் அவை எல்லாமே வெற்றி. ஏபிஐ 200, அதாவது எல்லாம் சரி, என்று பதில் சொல்லி, பதிவின் அடையாள எண்ணையும் கொடுத்திருந்தது. செயலாளர் அண்ணன் தம் கைப்பேசியைத் திறந்தால் பதிவு அழகாக நிற்கிறது. என் மனைவியின் கைப்பேசியில் பார்த்தால் பக்கத்தில் ஒன்றும் இல்லை. காரணம், ஆப் இன்னும் டெவலப்மென்ட் (உருவாக்கச் சோதனை) நிலையிலேயே இருந்தது. அந்த நிலையில் ஆப் வழியாகப் போடுவது, ஆப்பில் ஏதாவது ஒரு பொறுப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மாணவர் கமிட்டிக்காரர்கள் எல்லாரையும் சோதனையாளர்களாகச் சேர்த்து வைத்திருந்தார். ஆகவே சரிபார்க்க வேண்டியவர்கள் அத்தனை பேருக்கும் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு வலை முகவரி கொடுத்து, கேட்ட அனுமதிகளை முடித்து, ஆப்பை லைவ் (பொதுப் பயன்பாட்டு) நிலைக்கு மாற்றினேன். அன்றுமுதல் சரிபார்ப்பை முகநூலில் நுழையாத உலாவியிலும், கோயிலோடு தொடர்பே இல்லாத ஒருவர் கைப்பேசியிலும் செய்கிறேன். பக்கத்து ஒட்டுக்கடைக்காரரின் கைப்பேசி இப்போது எங்கள் அதிகாரப்பூர்வச் சோதனைக் கருவி.

நேரம் கெட்டு வந்த அறிவிப்புகளின் கதை வேறு. விரிதாளில் "காலை 7:00" என்று எழுதினால் பதிவு பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. எட்டு மணி நேர வித்தியாசம் என்றதும் மலேசியாவில் நிரல் எழுதும் யாருக்கும் பொறி தட்டும்: சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். குறித்த நேரத்தில் வெளியிடச் சொல்லும்போது முகநூலுக்கு நேரத்தை யூனிக்ஸ் விநாடிக் கணக்கில், அதாவது உலகப் பொது நேரப்படி 1970 பிறந்ததிலிருந்து எண்ணிய விநாடிகளாக, கொடுக்க வேண்டும். நிரல் ஏழு மணியைச் சர்வரின் ஏழு மணி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள் என்ற துக்கச் செய்தி மூன்று மணிக்கு வந்தால், அது வராமல் இருப்பதைவிட மோசம். கோலாலம்பூர் நேர மண்டலத்தைப் பெயர் சொல்லி நிரலில் எழுதினேன். எட்டைக் கூட்டிக்கொள் என்று எண்ணாக எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. தீபகற்பத்தில் 1981 கடைசி வரைக்கும் ஏழரைதான், 1982 பிறந்தபோதுதான் எட்டானது. இவையெல்லாம் அந்த மண்டலப் பெயருக்குத் தெரியும், எட்டு என்ற எண்ணுக்குத் தெரியாது.

அதே இடத்தில் இன்னொரு சிக்கல். குறித்த நேரம், வேண்டுகோள் போகும் நிமிடத்திலிருந்து குறைந்தது பத்து நிமிடம் தள்ளி இருக்க வேண்டும். அவசரச் செய்தியை எழுதும் அண்ணன் "இப்போதே" என்ற பொருளில் இப்போதைய நேரத்தைப் போடுவார். ஏபிஐ மறுத்துவிடும். பத்து நிமிடத்துக்குள் இருந்தால் நேரக் குறிப்பே இல்லாமல் உடனே வெளியிடும்படி மாற்றினேன். விரிதாளின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். 03/04 என்று எழுதினால் அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 12 ஆம் தேதிக்கு மேற்பட்டவை மாதமாக முடியாது என்பதால் அவை வெறும் எழுத்தாக நிற்கும். மாதத்தின் முற்பகுதித் தேதிகள் மட்டும் ஊர் சுற்றப் போய்விடும். அமைப்பை மலேசியாவுக்கு மாற்றியதும் ஒழுங்குக்கு வந்தது.

இனி கருத்துகள். இங்கேதான் எனக்குச் சுவாரசியம் அதிகம்.

ஆப் லைவ் நிலைக்கு வந்ததும் டெலிகிராம் குழுவில் கருத்துகள் வரத் தொடங்கின. ஆனால் வந்தவை எல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்தவை. மலாய் நண்பர்கள் எழுதும் 'தாக்சியா' என்ற இரங்கல் சொல் வருகிறது. ஆங்கில எழுத்தில் தட்டிய வணக்கம் வருகிறது. தமிழில் எழுதிய ஒரு கருத்துகூட வரவில்லை. கமிட்டியில் ஒருவர், "நம் பிள்ளைகள் தமிழில் எழுதுவதை விட்டுவிட்டார்கள்" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாராம். பக்கத்தைத் திறந்து பார்த்தால் தமிழ்க் கருத்துகள் வரிசையாக இருக்கின்றன.

வெப்ஹூக்கில் முகநூல் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு கையெழுத்து உண்டு. செய்தியின் உடலை ஆப்பின் இரகசியக் குறியோடு சேர்த்து, எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்ட மதிப்பு அது; உடலில் ஒரு பைட் மாறினாலும் மதிப்பு மாறிவிடும். தலைப்பு வரிகளில் வரும். நாம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் செய்தி முகநூலிலிருந்துதான் வந்தது. ஒத்துப்போகாவிட்டால் நிராகரிக்க வேண்டும். மாணவர் இந்தச் சரிபார்ப்பை எழுதியிருந்தார். பலர் இதை எழுதுவதே இல்லை, அந்த மட்டுக்கும் பாராட்டலாம். ஆனால் வந்த ஜேசனை முதலில் பிரித்துவிட்டு, பிரித்ததை மறுபடி ஜேசனாகக் கட்டி, அந்தக் கட்டிய வடிவத்துக்குக் கையெழுத்துக் கணக்கிட்டிருந்தார்.

'ஆழ்ந்த' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் (யூனிகோட்) அது ஆறு குறியீடுகள்: ஆ, ழ, புள்ளி, ந, புள்ளி, த. முகநூல் கையெழுத்திடும் வடிவத்தில் 'ஆ' என்பது 'ஆ'வாக இருப்பதில்லை. ஒரு பின்சாய்வுக்கோடு, யு, அதற்குப் பிறகு பதினாறடிமானத்தில் நான்கு இலக்கம், அதுவும் சிறிய எழுத்தில். ஒரு குறியீட்டுக்கு ஆறு பைட். சொல் முழுவதும் 36 பைட். நோட் ஜேஎஸ் அதைப் பிரித்து மறுபடி கட்டும்போது தமிழ் எழுத்தை அப்படியே வைத்துவிடும். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் சொல் 18 பைட் ஆகிவிடும். படிப்பவருக்கு இரண்டும் ஒரே 'ஆழ்ந்த'. கையெழுத்துக் கணக்குக்கு இரண்டும் வேறு வேறு செய்தி. ஆங்கில எழுத்துகளை இரண்டு வடிவமும் ஒன்றுபோலவே எழுதுவதால், அவற்றுக்குக் கணக்கு ஒத்துப்போய்விட்டது. ஆப் நிர்வாகப் பக்கத்தில் சோதனைச் செய்தி அனுப்பும் பொத்தான் இருக்கிறது. அது அனுப்புவதும் ஆங்கிலம்தான். அழுத்தினால் வெற்றி. தமிழ்க் கருத்துகளை மட்டும் போலிச் செய்தி என்று சொல்லி நிரல் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

திருத்தம் சிறியது. வந்த பைட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே, கைபடாமல், தனியாக எடுத்து வைத்து அதற்குக் கையெழுத்துக் கணக்கிட வேண்டும். நோட் ஜேஎஸ்ஸின் எக்ஸ்பிரஸ் சட்டகத்தில் ஜேசன் பிரிப்பானுக்கு 'வெரிஃபை' என்று ஒரு செயற்கூறு கொடுக்கலாம்; அதில் மூலப் பைட்டுகள் கைக்குக் கிடைக்கும். ஒப்பிட்ட பிறகே பிரிக்க வேண்டும்.

மாற்றிவிட்டு நிரலை மறுபடி ஓடவிட்டேன். சற்று நேரத்தில் செயலாளர் அண்ணனின் கைப்பேசி நிற்காமல் சிணுங்கத் தொடங்கியது. நம் நிரல் 200 என்று பதில் சொல்லாத செய்திகளை முகநூல் உடனே விட்டுவிடாது. இடைவெளியை நீட்டிக்கொண்டே 36 மணி நேரம் வரை மறுபடி அனுப்பிப் பார்க்கும். திருப்பி அனுப்பப்பட்டுக் காத்திருந்த தமிழ்க் கருத்துகள் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. சில இரண்டு முறை வந்தன. ஒரே கருத்து மறுபடி வரக்கூடும் என்பதை எதிர்பார்த்தே எழுத வேண்டும். கருத்தின் அடையாள எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பார்த்ததென்றால் 200 மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளச் செய்தேன். டெலிகிராமுக்கு அனுப்பி முடியும் வரை முகநூலைக் காக்க வைப்பதும் கூடாது. முதலில் 200, பிறகு மற்ற வேலை.

தமிழால் வந்த இன்னொரு கோளாறு பதிவிடும் நிரலில். சில திருவிழா அறிவிப்புகள் காலியாகப் போய், 100 என்ற பிழையோடு திரும்பின. தலைப்பை 150 என்ற அளவில் வெட்டும் ஒரு வரி நிரலில் இருந்தது. பிஎச்பியின் சாதாரண வெட்டும் செயற்கூறு பைட்டுகளை எண்ணுகிறது, எழுத்துகளை அல்ல. 'ஸ்ரீ' என்ற ஒன்றே நான்கு குறியீடு, 12 பைட். 'அருள்மிகு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலய' என்று தொடங்கும் தலைப்பு எவ்வளவு சீக்கிரம் 150 ஐத் தொடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடைவெளி ஒரு பைட், தமிழ்க் குறியீடு மூன்று பைட் என்பதால் வெட்டு எங்கே விழும் என்பது தலைப்புக்குத் தலைப்பு மாறும். குறியீட்டின் நடுவே விழுந்தால் உடைந்த பைட்டுகளை ஜேசனாக்க பிஎச்பி மறுத்து, 'பொய்' என்று திருப்பிக் கொடுக்கும். அதைச் சரிபார்க்காமல் அனுப்பினால் போவது வெற்றுச் செய்தி. குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினால் இந்தப் பிழை போகும், ஆனால் 'கி' வெட்டுப்பட்டு 'க' ஆகிவிடலாம். பிஎச்பியின் சர்வதேச நீட்சியில் முழு எழுத்தாகப் பார்த்து வெட்டும் செயற்கூறு உண்டு. அதையே போட்டேன். உண்மையில் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. முகநூல் பதிவுக்கு 150 பைட் வரம்பு கிடையாது.

இரட்டைப் பதிவுகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே துக்கச் செய்தியைத் தலைவரும் எழுதுவார், செயலாளரும் எழுதுவார். பெயரும் தேதியும் ஒன்றாக இருந்தால் ஒன்றை விட்டுவிட நிரல் முயன்றது. ஆனால் 'கோ' என்று தொடங்கும் பெயரில் தடுக்கி விழுந்தது. 'கோ'வை ஒற்றை உயிர்க்குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேற்றுமை தெரியாது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒருங்குறியின் என்எஃப்சி என்ற பொது வடிவத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றாகிவிடும். நேரம் கடந்து இணைப்பு அறுந்தால் உடனே மறுபடி பதிவிடும் பழக்கமும் நிரலுக்கு இருந்தது. முதல் பதிவு உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தால் காலமானவருக்கு இரண்டு அறிவிப்பு. இப்போது பக்கத்தின் அண்மைப் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் மறுமுயற்சி செய்கிறது, அதுவும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே. பயன்பாட்டு வரம்புப் பிழைகளான 4, 32 இரண்டும் இந்த அளவுள்ள பக்கத்துக்கு வருவதற்கு நியாயமில்லை. வந்தால் எங்கோ நிரல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. கருத்தோடு படமும் வந்தால், நமக்குக் கிடைப்பது சில காலத்தில் செத்துப்போகும் முகவரிதான். வந்ததும் படத்தை இறக்கி நம் சர்வரில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்வரில் இடம் போதாது, கூடுதல் இடத்துக்கு மாதாமாதம் சில வெள்ளி (ரிங்கிட்) கூடும். கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அதற்குள் பொதுக்கூட்டம் வந்துவிடும்.